வாஷிங் மெஷினில் தண்ணீர் வடியவில்லையா? முதலில் சத்தத்தைக் கேளுங்கள்

துவைத்து முடிந்திருக்கும் என்று போய்ப் பார்த்தால், கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் பாதி டிரம் வரைக்கும் அழுக்குத் தண்ணீர். கதவு திறக்காது. உள்ளே, நாளைக்குப் போட வேண்டிய பள்ளிச் சீருடை. நான் மெக்கானிக் இல்லை. ஆனாலும் எங்கள் அடுக்குமாடியில் யார் வீட்டு மெஷின் மக்கர் செய்தாலும் என் வீட்டுக் கதவைத்தான் முதலில் தட்டுகிறார்கள். தண்ணீர் வடியாத கேஸ் என்றால், பத்தில் ஏழெட்டு முறை ஸ்க்ரூடிரைவரைக் கையில் எடுக்காமலே முடிந்திருக்கிறது. "போர்டு போயிருக்கும்" என்று, அதாவது மெஷினை இயக்கும் எலக்ட்ரானிக் பலகை கெட்டிருக்கும் என்று, யாராவது சொன்னால் உடனே தலையாட்டிவிட வேண்டாம். அது கடைசியில் சந்தேகப்பட வேண்டிய விஷயம்.

தண்ணீர் நான்கு இடத்தில்தான் நிற்க முடியும்: தொட்டிக்கு அடியில், பம்பில் அல்லது வால்வில், டிரெயின் பைப்பில், பைப் போய்ச் சேரும் குழியில். எந்த இடம் என்பதை மெஷினே சொல்லும். மெஷினை ஸ்பின் அல்லது டிரெயின் மட்டும் ஓடும்படி வைத்துவிட்டு, அடிப்பக்கம் காதை வைத்து ஒரு நிமிடம் கேளுங்கள். டிஸ்ப்ளேயில் வரும் எழுத்தும் உதவும். எல்ஜியில் "ஓஇ", சாம்சங்கில் "5ஈ" அல்லது "5சி", போஷில் "ஈ18" வந்தால், குறிப்பிட்ட நேரத்துக்குள் தண்ணீர் வெளியே போகவில்லை என்று அர்த்தம். ஏன் போகவில்லை என்பது அதற்குத் தெரியாது. அதைக் கண்டுபிடிப்பது நம் வேலை.

உங்கள் வீட்டு மெஷின் எந்த வகை?

இதைத் தெரிந்துகொள்ளாமல் ஆரம்பித்தால் இல்லாத பாகத்தைத் தேடிக்கொண்டிருப்போம்.

ஃப்ரன்ட் லோடில் தண்ணீரைப் பம்புதான் மேலே தூக்கி வெளியே தள்ளுகிறது. அதனால் டிரெயின் பைப் ஒரு உயரத்துக்கு ஏறித்தான் இறங்க வேண்டும். பம்புக்கு முன்னால் ஒரு ஃபில்டர் இருக்கும். முன்பக்கம் கீழே, மூலையில் இருக்கும் சின்ன மூடியைத் திறந்தால் அது தெரியும்.

டாப் லோடில் நம் ஊரில் விற்கும் பல மாடல்களில் பம்பே கிடையாது. தொட்டிக்கு அடியில் ஒரு ரப்பர் வால்வு, அதை இழுத்துத் திறக்க ஒரு சின்ன டிரெயின் மோட்டார். வால்வு திறந்தால் தண்ணீர் தன்னால் கீழே ஓடும். எனவே இதில் பைப் தரையோடு படுத்திருக்க வேண்டும். சில மாடல்களில் பம்பு உண்டு. பின்பக்கம் பைப் மேலே ஏறிப் போகிறதா, கீழேயே போகிறதா என்று பார்த்தால் ஓரளவு தெரிந்துவிடும்.

செமி ஆட்டோமேட்டிக்கில் அந்த டிரெயின் மோட்டார்கூடக் கிடையாது. டிரெயின் குமிழை நாம் திருப்பும்போது, உள்ளே ஒரு பட்டை வால்வை மேலே இழுக்கிறது. அவ்வளவுதான்.

கை வைப்பதற்கு முன்

பிளக்கைப் பிடுங்குங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. வெந்நீரில் துவைத்திருந்தால் ஆறவிடுங்கள். பின் மூடியைக் கழற்றும் அளவுக்குப் போனால், உள்ளே டப்பா மாதிரி இருக்கும் கெப்பாசிட்டரைத் தொடாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் மின்சாரம் தங்கியிருக்கும்.

ஃப்ரன்ட் லோடு வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை, என் சொந்தச் செலவில். முதல் முறை நான் ஃபில்டர் மூடியை ஒரே திருகில் கழற்றிவிட்டேன். டிரம்மில் பத்துப் பன்னிரண்டு லிட்டர் தண்ணீர் இருந்தது. மூடி கையோடு வந்தது, பின்னாலேயே மொத்தத் தண்ணீரும் வந்தது. ஹால் வரைக்கும் போய், சோபாவுக்கு அடியில் புகுந்து, டிவி ஸ்டாண்டைத் தொட்டது. வீட்டில் அன்று எனக்குக் காபி கிடைக்கவில்லை.

அறிகுறி 1: பம்பு உறுமுகிறது, தண்ணீர் நகரவில்லை

ஃப்ரன்ட் லோடில் அதிகம் வருவது இதுதான். "ம்ம்ம்" என்று சத்தம் வருகிறது என்றால் பம்புக்கு மின்சாரம் போகிறது. அப்போதே போர்டு மேல் இருக்கும் சந்தேகம் பெரும்பாலும் போய்விடுகிறது. பம்பின் விசிறி எதிலோ சிக்கியிருக்கிறது, இல்லை வழி அடைத்திருக்கிறது.

கீழே உள்ள சின்ன மூடியைத் திறந்தால், ஃபில்டருக்குப் பக்கத்தில் விரல் கனத்தில் ஒரு கறுப்புக் குழாய், முனையில் அடைப்பானோடு செருகியிருக்கும். பல மாடல்களில் உண்டு, எல்லாவற்றிலும் இல்லை. அதை வெளியே இழுத்து, அடைப்பானைப் பிடுங்கி, தண்ணீரைப் பாத்திரத்தில் வடியுங்கள். பக்கெட் அவ்வளவு கீழே நுழையாது. குப்பை அள்ளும் பிளாஸ்டிக் முறம் இதற்கென்றே செய்த மாதிரி இருக்கும், ஒரு பக்கம் தட்டையாகத் தரையோடு ஒட்டும். மெஷினை ஸ்டாண்டில் வைத்திருப்பவர்கள் பாக்கியசாலிகள், அகலமான பேசினே நுழையும். அந்தக் குழாய் இல்லாவிட்டால் ஃபில்டர் மூடியை இடப்பக்கம் கால் திருகு மட்டும் திருப்புங்கள். தண்ணீர் கசியும். முறம் நிறைந்ததும் இறுக்கி, கொட்டிவிட்டு, மறுபடி. பொறுமைதான் முக்கியம்.

ஃபில்டர் அசையவே மறுத்தால் போர் தண்ணீரின் உப்பு பிடித்திருக்கிறது. குறடு போட்டுத் திருகினால் பிளாஸ்டிக் பிடி உடையும், அப்புறம் பம்போடு மாற்ற வேண்டி வரும். வெந்நீரில் நனைத்த துணியைப் பத்து நிமிடம் சுற்றி வைத்துவிட்டுக் கையாலேயே முயலுங்கள்.

ஃபில்டர் வெளியே வந்ததும் அதில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதில் எனக்கு ஒரு அல்ப சந்தோஷம் உண்டு. ஒரு ரூபாய் நாணயம், ஊக்கு, ஹேர்பின், சட்டைப் பட்டன், ரப்பர் பேண்ட், ஸ்டிக்கர் பொட்டு, தலையில் வைத்த மல்லிகைச் சரத்தின் நார், லுங்கி ஓரத்து நூல். இவை எல்லாம் சாம்பல் நிறப் பஞ்சில் சுற்றிக்கொண்டு, பிசுபிசுவென்று ஒரு கட்டியாக வரும். மூக்கைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஃபில்டரைக் கழுவிவிட்டு மூடிவிடாதீர்கள். பாதிப் பேர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். டார்ச் அடித்து அந்த ஓட்டைக்குள் பாருங்கள். உள்ளே, பக்கவாட்டிலோ நேர் பின்னாலோ, பம்பின் சின்ன விசிறி தெரியும். பிளக் பிடுங்கியிருக்கிறது என்பதை இன்னொரு முறை உறுதி செய்துகொண்டு அதை விரலால் மெதுவாகச் சுற்றுங்கள். நல்ல விசிறி வழவழவென்று சுற்றாது, "டக், டக்" என்று விட்டு விட்டுத்தான் நகரும். உள்ளே காந்தம் இருப்பதால் அப்படி. இதைத் தெரியாமல் "ஜாம் ஆகியிருக்கு" என்று நினைத்துப் பம்பு மாற்றியவர்கள் உண்டு. துளிகூட நகரவில்லை என்றால்தான் சிக்கல். பெரும்பாலும் நூலோ தலைமுடியோ அச்சில் சுற்றியிருக்கும், ட்வீசரால் சுற்றுக்கு எதிராக இழுத்து எடுங்கள். மாறாக, காற்றாடி மாதிரித் தடையே இல்லாமல் சுற்றினால் விசிறிக்கும் காந்தத்துக்கும் உள்ள பிடிப்பு விட்டுப்போயிருக்கிறது. சத்தம் வரும், தண்ணீர் போகாது. பம்பு மாற்ற வேண்டியதுதான்.

விசிறியும் சரி, ஃபில்டரும் சுத்தம், ஆனாலும் தண்ணீர் நிற்கிறதா? ஃபில்டர் மூடியைக் கழற்றியபோது தண்ணீர் எப்படி வந்தது என்று யோசித்துப் பாருங்கள். பாய்ந்து வந்திருந்தால் தொட்டியிலிருந்து பம்பு வரை வழி திறந்திருக்கிறது. அடைப்பு அதற்கு அப்பால், டிரெயின் பைப்பில். டிரம் நிறையத் தண்ணீர் இருந்தும் மூடி வழியாகச் சொட்டுச் சொட்டாக மட்டும் வந்திருந்தால், தொட்டியையும் பம்பையும் இணைக்கும் மடிப்பு மடிப்பான ரப்பர் குழாய்க்குள் ஏதோ இருக்கிறது. பெரும்பாலும் குழந்தையின் சாக்ஸ். கதவு ரப்பருக்கும் டிரம்முக்கும் நடுவே உள்ள இடைவெளியில் நழுவி அங்கே போய் உட்கார்ந்துவிடும். அதை எடுக்க மெஷினைச் சாய்த்தோ பின் மூடியைக் கழற்றியோ கிளாம்பைத் தளர்த்த வேண்டும். கையில் பழக்கம் இருந்தால் செய்யலாம், இல்லாவிட்டால் ஆளைக் கூப்பிடுங்கள். ஆனால் என்ன பிரச்சினை என்பதை நீங்களே சொல்லிவிடலாம்.

மூடியைத் திரும்பப் போடும்போது மரை நேராக ஏறுகிறதா என்று கவனியுங்கள். கோணலாக ஏறினால் அடுத்த தடவை துவைக்கும்போது கசியும். சோப்புத் தட்டு வழியாக இரண்டு சொம்பு தண்ணீர் ஊற்றி, டிரெயின் மட்டும் ஓடவிட்டுப் பார்த்த பிறகு துணியைப் போடுங்கள்.

அறிகுறி 2: சத்தமே இல்லை

ஸ்பின்னுக்குப் போட்டும் அடியில் ஒரு முனகல்கூட இல்லை. ஒன்று பம்புக்கு மின்சாரம் வரவில்லை, இல்லை பம்புக்குள் இருக்கும் கம்பிச் சுருள் (காயில்) எரிந்துவிட்டது. மல்டிமீட்டர் இருந்தால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பம்பின் இரண்டு முனைகளிலிருந்தும் ஒயரைக் கழற்றி ஓம் பார்க்கலாம். 230 வோல்ட்டில் நேரடியாக ஓடும் சாதாரணப் பம்பு என்றால் சுமார் 150 முதல் 200 ஓம் வரை காட்டும். கொஞ்சம் முன்பின் இருந்தால் பரவாயில்லை. முடிவே இல்லாமல் காட்டினால் காயில் அறுந்துவிட்டது. புதிய மாடல்களில் வரும் டிசி பம்புக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

அதற்கு முன் எலியைச் சந்தேகியுங்கள். சிரிக்காதீர்கள். தரைத்தள வீடுகளிலும், பால்கனியில் மெஷின் வைத்திருக்கும் வீடுகளிலும் மெஷினின் அடிப்பக்கம் எலிக்கு நல்ல மறைவிடம். ஒயரைக் கடித்தால் பம்பு பேசாது, ரப்பர் குழாயைக் கடித்தால் அடியில் ஒழுகும். கீழே சிதறிய ரப்பர்த் துணுக்கோ கறுப்பு எச்சமோ தெரிந்தால் குற்றவாளி கிடைத்தாயிற்று. சரி செய்த கையோடு அடியில் கம்பி வலையோ தகரமோ போட்டுவிடுங்கள்.

அறிகுறி 3: தண்ணீர் போகிறது, ஆனால் துணி சொட்டச் சொட்ட வருகிறது

பைப்பைப் பாருங்கள். மெஷினைச் சுவரோடு தள்ளி வைத்ததில் பைப் மடங்கியிருக்கும், அதிகம் நடப்பது இது. வீட்டைப் பெருக்கித் துடைத்த அடுத்த நாளே இப்படி ஆனால் வேறெங்கும் தேட வேண்டாம். அடுத்தது, நீளம் போதவில்லை என்று கடையில் வாங்கி ஒட்டுப் போட்ட பைப். மூன்று நான்கு மீட்டர் நீட்டி, பாத்ரூம் படியைத் தாண்டி, கதவுக்கடியில் நசுங்கிக் கிடந்தால் பம்பு எவ்வளவுதான் தள்ளும்?

பைப்பைக் கழற்றி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் உள்சுவரில் வெள்ளையும் சாம்பலுமாக ஒரு படிவம் தெரியும். உப்புத் தண்ணீரும் சோப்புத் தூளும் சேர்ந்து கட்டிய பூச்சு அது. பைப்பை அழுத்திப் பிசைந்து, மறுமுனையிலிருந்து குழாய்த் தண்ணீரை வேகமாக விட்டால் சில்லுச் சில்லாக விழும். ரொம்பப் பழையது என்றால் புதிது வாங்கிவிடுங்கள், அதோடு போராடுவதில் லாபமில்லை.

இன்னொன்று நுரை. கைக்குத் துவைக்கும் பவுடரை ஃப்ரன்ட் லோடில் போட்டால் நுரை பொங்கும், பம்பு தண்ணீருக்குப் பதிலாகக் காற்றைத் தள்ளிக்கொண்டிருக்கும். அரை மணி நேரம் அடங்கவிட்டு, பவுடர் இல்லாமல் ஒரு ரின்ஸ் ஓட்டுங்கள்.

தண்ணீர் சுத்தமாக வடிந்தும் ஸ்பின் மட்டும் பிடிக்கவில்லை என்றால் அது வேறு கேஸ். ஒற்றைப் போர்வை ஒரு பக்கமாகச் சுருண்டு எடை சாய்ந்திருக்கும். பிரித்துப் போட்டு ஓட்டினால் சரியாகிவிடும்.

அறிகுறி 4: டாப் லோடு, டிரெயின் ஆகவும் இல்லை, ஸ்பின்னும் இல்லை

பம்பு இல்லாத டாப் லோடில் இந்த இரண்டும் சேர்ந்துதான் வரும். டிரெயின் மோட்டார் வால்வை இழுக்கும்போதே கிளட்சையும் ஸ்பின்னுக்கு மாற்றுகிறது. அதனால் அந்த ஒரு சின்ன மோட்டார் போனால் இரண்டு வேலையும் நின்றுவிடும். நல்ல மெஷினில், டிரெயினுக்கு வந்ததும் சில நொடிகள் "கிர்ர்ர்" என்று மெல்லிய சத்தம் கேட்கும், பிறகு தண்ணீர் சலசலவென்று கொட்டும். "கிர்ர்" கேட்கவே இல்லை என்றால் மோட்டாரோ அதன் ஒயரோ. கேட்கிறது, தண்ணீர் வரவில்லை என்றால் வால்வுக்குள் அடைப்பு, இல்லை இழுக்கும் கம்பி கழன்றிருக்கிறது.

ஆனால் இதற்கெல்லாம் முன், பைப் எங்கே இருக்கிறது? வாஷ்பேசினில் விடலாம் என்று யாராவது மேலே தூக்கி மாட்டியிருந்தால் தண்ணீர் எப்படி ஏறும்? கீழே போட்டதும் கொட்ட ஆரம்பித்துவிடும். பைப்பின் வாய் பக்கெட் தண்ணீரிலோ தேங்கிய தண்ணீரிலோ மூழ்கியிருக்கவும் கூடாது.

அறிகுறி 5: செமி ஆட்டோமேட்டிக், குமிழைத் திருப்பியும் தண்ணீர் அப்படியே

குமிழைத் திருப்பும்போது கைக்கு ஒரு இழுவை தெரிய வேண்டும். லொடலொடவென்று சுற்றினால் உள்ளே பட்டை அறுந்திருக்கிறது அல்லது கொக்கியிலிருந்து கழன்றிருக்கிறது. மேல் பேனலைக் கழற்றினால் பார்க்கலாம். சின்னப் பொருள்தான், மலிவுதான். அவசரத்துக்குக் கட்டுக்கம்பியால் கட்டி ஒரு வருடம் ஓட்டியவரை எனக்குத் தெரியும்.

இழுவை சரியாக இருந்தால் வால்வைப் பாருங்கள். பின் மூடியைக் கழற்றினால் அடியில் ஒரு பிளாஸ்டிக் கிண்ணம். அதன் மூடியைத் திருகி எடுத்தால் ஸ்பிரிங், ரப்பர் வால்வு எல்லாம் வெளியே வரும். பிரிப்பதற்கு முன் போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்பிரிங் எந்தப் பக்கம் இருந்தது என்று அப்புறம் யாருக்கும் ஞாபகம் இருக்காது. அங்கே சேர்ந்திருக்கும் பஞ்சைக் கழுவி, ரப்பரின் விளிம்பைத் துடைத்து மாட்டுங்கள். அந்த விளிம்பில் ஒரு ஊக்கு மாட்டியிருந்தால் நேர் எதிரான தொல்லை வரும், துவைக்கும்போதே தண்ணீர் கசிந்து போய்க்கொண்டிருக்கும்.

ஸ்பின் பக்கம் தண்ணீர் தேங்கி, கூடை கனத்துச் சுற்றினால் கர்சீப்பைத் தேடுங்கள். துணிக்கு மேல் வைக்கும் அந்த வட்டத் தட்டை நாம் யாரும் வைப்பதில்லை. சின்னத் துணி எகிறி, கூடைக்கும் வெளித் தொட்டிக்கும் நடுவில் விழுந்து, துளையை அடைத்துக்கொள்ளும். கம்பியில் கொக்கி செய்து மேலிருந்தே எடுத்துவிடலாம். பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான்.

அறிகுறி 6: தண்ணீர் பிடித்துக்கொண்டே இருக்கிறது, நிறையவே இல்லை

வடியாததற்கு நேர் எதிர், ஆனால் காரணம் அதே பைப். ஃப்ரன்ட் லோடின் பைப்பைத் தரையில் போட்டால், ஏற ஏற தண்ணீர் தன்னால் வெளியே ஓடிவிடும். பைப்பின் உயர்ந்த இடம் தரையிலிருந்து 60 முதல் 100 செ.மீ. வரை இருக்க வேண்டும். மெஷினின் முதுகில் இதற்கென்று ஒரு கிளிப் இருக்கும், பைப்பை அதில் மாட்டிவிட்டுக் கீழே இறக்கினால் போதும். சுவர்க் குழாய்க்குள் பைப்பை ஒரு முழம் திணித்து, டேப் சுற்றி மூடினாலும் இதே கதைதான். காற்று போக இடம் விடுங்கள்.

அறிகுறி 7: தொட்டி காலி, ஆனாலும் எரர் வருகிறது

தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்பதை மெஷின் ஒரு மெல்லிய குழாயில் உள்ள காற்றழுத்தத்தை வைத்துத் தெரிந்துகொள்கிறது. அந்தக் குழாயின் அடிவாயில் சோப்புச் சேறு அடைத்தால் அழுத்தம் இறங்காது. காலித் தொட்டியை நிறைந்த தொட்டி என்று நம்பிக்கொண்டு பம்பை ஓட்டிக்கொண்டே இருக்கும். குழாயை சென்சாரிலிருந்து கழற்றிய பிறகு மெதுவாக ஊதுங்கள். கழற்றாமல் ஊதினால் சென்சார் போய்விடும். இதற்குத்தான் பலமுறை போர்டை மாற்றுகிறார்கள்.

அறிகுறி 8: மெஷின் தள்ளுகிறது, பாத்ரூம் நிறைகிறது

இதில் மெஷின் மேல் தப்பே இல்லை. பாத்ரூம் மூலையில் ஜாலி போட்ட குழி, பிளம்பர்கள் நானி டிராப் என்பார்களே, அது அடைத்திருக்கிறது. ஒரு பக்கெட் தண்ணீரை ஒரே மூச்சில் அதில் கொட்டிப் பாருங்கள். மெஷினின் வேகத்துக்கு அது விழுங்கவில்லை என்றால் ஜாலியைத் தூக்கி முடியையும் பஞ்சையும் எடுங்கள். தரைத்தள வீடுகளில் ஐப்பசி, கார்த்திகை மழையில் பாதாளச் சாக்கடையே நிறைந்து எதிர்த்து வரும். பைப்பின் வாய் அந்தத் தண்ணீரில் மூழ்கிக் கிடந்தால், அது மெஷினுக்குள்ளும் ஏற வாய்ப்பு உண்டு. அந்த நாட்களில் பைப்பை உயரத் தூக்கிக் கட்டிவிட்டு, வெயில் வரும் வரை துவைப்பதைத் தள்ளிப்போடுங்கள்.

இவ்வளவும் பார்த்தும் நகரவில்லை என்றால் ஆளைக் கூப்பிடுங்கள். "தண்ணீர் போகல" என்று மட்டும் சொல்லாமல், "பம்பு உறுமுது, ஃபில்டர் கிளீன் பண்ணியாச்சு, விசிறி டக் டக்னு சுத்துது, பைப் ஃப்ரீயா இருக்கு" என்று போனிலேயே சொல்லுங்கள். வருபவர் சரியான பாகத்தோடு வருவார். மாற்றிய பழைய பம்பை எடுத்துப் போக விடாமல் கேட்டு வாங்கி, அதன் விசிறியை ஒரு முறை விரலால் சுற்றிப் பாருங்கள்.